கேஸ் என்று டொக்டர் சொல்லட்டும்

பிலோமினா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் காலிமுகத்திடலில் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, மீதித் தூரத்தைக் கோட்டையிலுள்ள கந்தோர்வரை நடப்பது என் வழக்கம். அந்த வழக்கத்தை என் தலையில் கட்டியவரே அவர்தான். அவருடைய மகன் ரொஹான் போனில், "அங்கிள், அம்மா போயிட்டா. டெங்கு," என்றான். நான் நிற்கவுமில்லை, அழவுமில்லை. கால்கள் இன்னும் வேகமாக நடந்தன. கந்தோரைத் தாண்டி, புறக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டப் போனபிறகுதான் எங்கே போகிறேன் என்றே தெரிந்தது.

டெங்கு! இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தன் இதயத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனுசியை ஒரு நுளம்பு கொண்டுபோய்விட்டது.

கப்பல் சரக்கு அனுப்பும் எங்கள் கந்தோரில் அக்காவும் நானும் பல வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு நடந்தே வருவார். இதை வாசிக்கிறவர்களில் அவரோடு கந்தோரில் வேலை செய்த உங்களுக்கு அந்த மேசையின் சட்டம் தெரியும். மதியம் நான் சோற்றுப் பார்சலை விரித்ததும் அவர் கண் கறியில் விழும். எண்ணெய் மிதந்தால் தொலைந்தேன். ஒருநாள் என் மேசையிலிருந்த உப்புப் போத்தலைத் தூக்கித் தன் கைப்பையில் போட்டவர்தான். அதை நான் மறுபடி காணவில்லை. தேங்காய்ப்பாலுக்கு மட்டும் கொஞ்சம் இரங்குவார். கடைசியாகப் பிழியும் தண்ணிப்பாலில் சமைக்கலாம், கெட்டியான முதற்பால் கூடாது. "முதற்பால் இல்லாட்டி கறி ஒண்டும் செத்துப்போகாது, சிவா. செத்துப்போறது நாங்கள்தான்," என்பார். அவருக்கு ஆசை இல்லையென்று நினைக்கவேண்டாம். யாராவது எண்ணெயில் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுவந்தால் கிட்டப்போய் மூச்சிழுத்து மணந்துவிட்டு, "மணக்கிறதில கொலஸ்ட்ரோல் இல்லை," என்று சிரிப்பார்.

எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அப்பா, சித்தப்பா இருவரும் தலை நரைக்குமுன்பே நெஞ்சு நோவில் போன குடும்பம் எங்களுடையது. எனக்கும் பிரஷர், கொலஸ்ட்ரோல் இரண்டும் இருந்தன. பயமும் சிகரெட் பெட்டியும் என் சட்டைப் பையில் ஒன்றாகவே கிடந்தன. அது அவருக்குத் தெரியும்.

ஒருநாள் கந்தோர்ப் பின்வாசலில் நான் புகைத்துக்கொண்டு நின்றபோது அக்கா வந்து பக்கத்தில் நின்றார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். தன் கணவர் செத்த கதையைச் சொன்னார். கிறிஸ்மஸ் விருந்து சாப்பிட்டு எழும்பியவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. கொழும்பில் யாருக்கு நெஞ்சு நொந்தாலும் நாங்கள் முதலில் சொல்வது கேஸ், வெறும் வாயு என்றுதானே? வீடு முழுக்க அதைத்தான் சொன்னதாம். ஒருவர் ஜிஞ்சர் பியர் ஊற்றிக் கொடுத்தார், இன்னொருவர் உள்ளி சுட்டுக் கொடுத்தார். "தைலம் தேய்ச்சது நான். தேய்ச்சுக்கொண்டிருக்கேக்க என்ர கைக்குள்ளதான் போனவர்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேஸ் எண்டு டொக்டர் சொல்லட்டும். நீர் சொல்லாதேயும்," என்றார். நான் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தேன். அதன்பிறகு தொடவேயில்லை என்று சொன்னால் பொய். குறைந்து குறைந்து, பிறகு நின்றது.

கொட்டாஞ்சேனையில் செத்தவீட்டுக்குப் போனபோதும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ரொஹான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "காய்ச்சலோட கிடந்தும் பருப்பில முதற்பால் விட்டிருக்கினம் எண்டு நர்ஸோட சண்டை பிடிச்சவ, அங்கிள். ஹார்ட் நல்ல ஹார்ட் எண்டு டொக்டரும் சொன்னவர். அதுதான் தாங்கேலாமல் கிடக்கு," என்றான்.

பக்கத்து வீட்டு மரியதாஸ் தட்டோடு வந்தார். "எண்ணெய் தொடாத மனுசி. என்னத்தைக் கண்டா? போறது போறதுதான். எடுங்கோ சிவா, ரோல்ஸ் எடுங்கோ," என்றார். எனக்கு விசர் வந்தது. அந்த ஆள் சொல்வது சரிதானே என்றும் பட்டது. எடுத்தேன். அது முடிய இன்னொன்றும் எடுத்தேன். அக்காவின் சவப்பெட்டிக்கு முன்னால் இருந்துகொண்டு, அவரோடு கோபித்துக்கொண்டு தின்றேன்.

பெட்டியை மூடுவதற்குமுன் பாதர் செபம் தொடங்கியபோது எனக்கு நெஞ்சு இறுகியது. வியர்த்துக்கொட்டியது. மரியதாஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேஸா இருக்கும். இதைக் குடியுங்கோ, சரியாப்போகும்," என்று ஜிஞ்சர் பியரை நீட்டினார். அந்தக் கிளாஸைப் பார்த்ததும் எழும்பிவிட்டேன். எல்லோரும் முழந்தாளிட்டிருக்க அவர்களைத் தாண்டி வீதிக்கு வந்து, ஒரு த்ரீவீலரை மறித்து ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

ஈசிஜி எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். காக்கவைத்து மறுபடி ஈசிஜி எடுத்தார்கள். கடைசியில் அந்தச் சிங்கள டொக்டர் பிள்ளை சிரித்துக்கொண்டு வந்து, "அங்கிள், கேஸ் தமய்," என்றாள். கேஸ்தானாம்! சிரிக்கப்போன நான் அழுதேன். அவள் பயந்துபோய்த் திரும்பவும் நாடி பிடித்துப் பார்த்தாள். அதற்குள் மாதம்பிட்டி மயானத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று பின்னேரம் ரொஹான் போனில், "எங்க அங்கிள் போனீங்கள்? தேடினனான்," என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். "அம்மா இருந்திருந்தா அவவே உங்களைப் பிடிச்சு த்ரீவீலரில ஏத்தியிருப்பா," என்றான்.

மரியதாஸுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். அந்த நுளம்பு வரும்வரை அக்கா தன் காலால் நடந்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாளைக்கும் கொள்ளுப்பிட்டியில் இறங்குவேன். அவருடைய பொருளென்று என்னிடம் எதுவுமில்லை. என் உப்புப் போத்தல்கூட அவரிடம்தான். எல்லோரும் கேஸ் என்று சொல்லும்போது எழும்பிப் போகிற அந்த அவசரம் மட்டும் அவர் தந்தது, அது என்னிடம் இருக்கிறது. அக்கா, உங்கள் குழியில் நான் ஒரு பிடி மண் போடவில்லை. உங்கள் சொல்லைக் கேட்டுப் போனதால்தான் போடவில்லை.