சொல்லாமல் விட்ட உயரம்

முத்தரசு ஆசாரிக்கு இப்போதெல்லாம் வேர்ப்பது கழுத்துக்கு மேலேதான். போன கார்த்திகையில், பழைய வீடொன்றில் கதவு நிலை மாற்றப் போனவர் சாரத்திலிருந்து விழுந்தார்; தண்டுவடம் நசுங்கிப்போனது. கைகால் அசைவோடு வேர்வையும் நின்றுவிட்டது. அடிபட்ட நாளில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை பிறந்த பிறகுதான் தெரிந்தது. வேர்க்காத உடம்பு வெயிலை அப்படியே உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது.

"அறையைக் குளிர்ச்சியா வைங்க. உடம்புச் சூடு நூத்தி நாலைத் தாண்ட விடாதீங்க" என்றார் மதுரை டாக்டர். ஒருமுறை தாண்டிவிட்டது. வலிப்பு வந்து, கண் மேலே செருகி, மனைவி காளீஸ்வரி தெரு முழுக்கக் கேட்கும்படி அலறினாள். அப்போது கத்திரி வெயில் தொடங்கக்கூட இல்லை.

பட்டறையில் இருந்த இழைப்பு மெஷின், அறுவை மெஷின் எல்லாவற்றையும் விற்றுத்தான் ஏசி வாங்கினார்கள். அவர் இனி வேலைக்குப் போகமாட்டார் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மெஷின்களை ஏற்றிக்கொண்டு பள்ளத்தூர் சாலையில் திரும்பிய குட்டியானை வண்டி அதைச் சொல்லிவிட்டுப் போனது.

காரைக்குடி கடைக்குப் போனது மகள் துர்காதேவி. இயற்பியல் படித்தவள், அந்த வீட்டின் முதல் பட்டதாரி. கடைக்காரர் அறை அளவு கேட்டார். "பதினொண்ணுக்குப் பத்து" என்றாள் சட்டென்று. "அப்ப ஒரு டன் போதும்மா. அஞ்சு ஸ்டார், இன்வெர்ட்டர். கரண்டு பில்லுக்குப் பயப்படாம ராப்பகலா ஓட்டலாம்" என்றார் அவர். ராப்பகலாக ஓட்டலாம் என்ற சொல்லில் அவள் விழுந்துவிட்டாள்.

மாட்ட வந்த கார்த்திக் விறுவிறுப்பான ஆள். ஏழரை அடி உயரத்தில் ஏசியை மாட்டி, சுவரில் துளை போட்டுச் செம்புக் குழாயை வெளியே இழுத்து, கொல்லைப்பக்கம் வெளி யூனிட்டை உட்கார வைத்தான்.

"சத்தத்தைக் கவனிச்சுக்கங்க. ரூம் குளுந்துருச்சுன்னா வெளி யூனிட்டு சத்தம் தானா அடங்கும். அப்பத்தான் கரண்டு மிச்சம். அடங்காம கத்துச்சுன்னா மெஷினு முக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்."

"நானும் அஞ்சு ஸ்டார் ஓட்டல்ல படுக்கப்போறேன்" என்றார் முத்தரசு கட்டிலிலிருந்து.

"படுத்து எந்திரிங்க ஐயா, அடுத்த தடவை வந்தா காப்பி ஆர்டர் பண்றேன்."

பதினோரு மணிக்கு ஓடத் தொடங்கியது. பன்னிரண்டுக்கும் வெளி யூனிட் கத்திக்கொண்டே இருந்தது. துர்கா அப்பாவின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தாள். காலையில் நூற்றொன்று. இப்போது நூற்று மூன்று. காளீஸ்வரி ஈரத் துண்டை மாற்றி மாற்றிப் போட்டாள். அது போட்ட மாத்திரத்தில் வெதுவெதுத்தது.

கார்த்திக் ஏசி முன்னால் கையை நீட்டிப் பார்த்தான். ஜில்லென்று வந்தது. கட்டிலருகே கையை வைத்தான். ஒன்றுமில்லை. பிறகு அண்ணாந்து பார்த்தான்.

மேலே சீலிங் இல்லை. பதினைந்து அடிக்கு மேல் நாட்டு ஓடு. எதிரெதிர்ச் சுவர் உச்சியில் இரண்டு காற்றுத் துவாரங்கள். பெரிய பெரிய வீடுகளில் வேலை பார்த்த கையோடு முத்தரசு தனக்கென்று கட்டிய அறை. சூடு மேலே ஏறி வெளியே போய்விடும், ஃபேனே தேவையில்லை என்று கிரகப்பிரவேசத்தன்று வந்தவரிடமெல்லாம் சொன்னவர்.

"கடையில உயரத்தைச் சொன்னீங்களா?" என்று கேட்டான் கார்த்திக்.

துர்கா அப்போதுதான் அண்ணாந்து பார்த்தாள்.

"இப்ப நம்ம மெஷினு ஓட்டு மேல உக்காந்திருக்கிற காக்காய்க்குத்தான் குளுமை குடுக்குது."

வீட்டில் அறை அளவு என்றால் நீளமும் அகலமும்தான். மனையடி பார்க்கிறவர்கள் உயரத்தைச் சொல்லமாட்டார்கள். பதினொன்றும் பத்தும் நல்ல அடி என்று அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்த காது அவளுடையது. மூன்று வருடம் கன அளவு கணக்குப் போட்டதெல்லாம் பரீட்சைத் தாளோடு போய்விட்டதா? படித்தவளை அனுப்பினார்களே, படிக்காத அம்மா போயிருந்தால் கடைக்காரர் கூரையைப் பற்றியாவது கேட்டிருப்பாரோ?

"திருப்பிக் குடுத்துரலாமா தம்பி?" என்றாள் காளீஸ்வரி.

"மாட்டுனதை எடுக்க மாட்டாங்கக்கா. எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு. ஏணிய வேணா வச்சுக்கங்க, சாயங்காலம் வாரேன்."

அவன் போனான். நூற்று மூன்று புள்ளி நாலு. முத்தரசுவின் நெற்றியில் மட்டும் முத்து முத்தாக வேர்வை. கீழே உடம்பு அடுப்பில் வைத்த ஓடு போலக் காய்ந்து கொதித்தது. உதடு கோணத் தொடங்குகிறதா என்று துர்கா உற்றுப் பார்த்தாள்.

"ம்மா, மரத்து மேல போர்த்துற தார்ப்பாய் எங்க?"

"எதுக்குடி?"

"ஒம்பதடியில குறுக்கக் கட்டப் போறேன். மேல இருக்கிற வீடு நமக்கு வேணாம்."

அவள் அதை அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். ஆறு மாதமாக அவர் பார்த்துக்கொண்டு கிடப்பது ஓட்டைத் தாங்கும் அந்தக் கைமரங்களைத்தான், ஒவ்வொன்றும் அவரே இழைத்தது.

முத்தரசு கண்ணை மூடினார். வலிப்போ என்று அவள் பாய்ந்தாள்.

"செங்கல்லுல ஆணி நிக்காதுடி" என்றார் கண்ணைத் திறக்காமலே. "பரண் போடணும்னு நாலு மூலையிலயும் கட்டை பதிச்சிருக்கேன். பூச்சுக்குள்ள இருக்கு. ஒம்பதடிகிட்டத் தட்டிப் பாரு, சத்தம் மாறும்."

ஏணியில் ஏறிச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். டங், டங், டங். பிறகு தொம். வீட்டில் கிடந்த சின்ன ஆணியை அடித்தாள், நின்றது; தார்ப்பாயின் ஒரு மூலையை அதில் மாட்டினாள். இரண்டாவது மூலை. மூன்றாவது. நான்காவது மூலையில் சத்தம் மாறியது, ஆணியும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. தார்ப்பாயை மாட்டியதும் ஆணி உருவிக்கொண்டு வந்துவிட்டது. கட்டையைக் கரையான் தின்றிருந்தது.

"அம்மா, ஆறங்குல ஆணி, பட்டறையில!"

"அதையெல்லாம் மெஷினோட அள்ளிட்டுப் போய்ட்டாங்களேடி!" காளீஸ்வரி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

துர்கா தார்ப்பாயின் மூலையைக் கையால் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேலே துவாரத்தின் வழியே அனல்காற்று புகுந்து தார்ப்பாயைக் கீழே அமுக்கியது. விட்டால் எல்லாம் வந்துவிடும். தோளையும் கொடுத்து முட்டினாள். இறங்கித் தெர்மாமீட்டரைப் பார்க்கவும் முடியாது. அப்பாவின் முகம் தார்ப்பாயின் நீல நிழலில் சரியாகத் தெரியவில்லை.

"ப்பா, பேசுங்கப்பா. எதாச்சும் பேசுங்க."

ஏணியிலிருந்து கீழே குனிந்தாள்.

"ப்பா!"

"சும்மா இருடி, காதுல விழ மாட்டேங்குது."

"என்னப்பா விழல?"

அவர் சொன்னார்: "வெளிய… சத்தம் அடங்குது."

அவளும் காதைக் கொடுத்துக் கேட்டாள். கொல்லையில் கத்திக்கொண்டிருந்தது முனகலாக இறங்கியிருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று திரும்பினாள். ஏசியின் முகத்தில் எண் பச்சையாக எரிந்தது.

"கையெடுத்துறாதடி" என்றார் முத்தரசு.

"எடுக்கலப்பா."

வாசலில் அம்மா ஓடி வரும் கொலுசுச் சத்தம் கேட்கிறதா என்று காத்தபடி, அவள் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.