மண் தொட்டியில் இருபத்து மூன்று வானவில்

குழந்தைகளே, போன புதன்கிழமை காலை நான் கடையில் வெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தேன். என் மகள் அழகம்மை வீட்டிலிருந்து ஓடி வந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

"அப்பா, தொட்டியைக் கவுக்கப் போறாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். தராசை அப்படியே வைத்துவிட்டு எடுத்தேன் ஓட்டம். வெல்லம் வாங்க வந்தவர் என்ன நினைத்தாரோ... இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக் கொல்லையில் போய்ப் பார்த்தால் — காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளை எனாமல் கரண்டி. சானிடரி இன்ஸ்பெக்டர்! அவர் கூட வந்த சேவகர், முருங்கை மரத்தடியில் கிடக்கும் எங்கள் பழைய மண் தொட்டியின் விளிம்பில் கை வைத்துவிட்டார். என் மனைவி மட்டும் குறுக்கே நின்று, "அவுக வந்துரட்டுங்க, ஒரு நிமிசம் இருங்க" என்று தடுத்துக்கொண்டிருந்தாள்.

மழை விட்டதும் எங்கள் கீரமங்கலத்தில் குளிர்காய்ச்சல் தலை காட்டும். காய்ச்சலுக்குக் காரணம் கொசு. கொசுவுக்குக் காரணம் தேங்கிய தண்ணீர். அதனால் வீடு வீடாகப் போய் அந்தத் தண்ணீரைக் கவிழ்க்கிறார்கள். நல்ல காரியம் என்று கடையில் நானே நாலு பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் என் வீட்டுத் தொட்டி என்று வந்தால் மட்டும் ஏன் நெஞ்சு பதறுகிறது?

அந்தத் தொட்டிக்குள் என்ன இருந்தது என்று சொன்னால் உங்களுக்கும் பதறும்.

சித்திரையில் ஊருணி வற்றியபோது, ஓரத்துத் தண்ணீரில் துண்டை விரித்து நானும் அழகம்மையும் ஏழெட்டு மீன் பிடித்தோம். விரல் நீளம்கூட இல்லாத மீன். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நீந்தும். நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மினுக்கும். பெரிய கண். முண்டக்கண்ணி என்பார்கள். குழம்புக்கு ஆகாது என்று யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

கடையில் வாய் சிதைந்த பெப்பர்மிண்ட் ஜாடி ஒன்று சும்மா கிடந்தது. அதில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் வேலம்பாசியும் போட்டு, மீன்களை விட்டேன். மேலே மெல்லிய துணி கட்டினேன். இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

மறுநாள் காலை வெயில் கடைப் பலகையில் சாய்வாக விழுந்தது. ஜாடிக்குள் ஒரு மீன் திரும்பியது. அடடா... பச்சை, நீலம், பொன், ஓரத்தில் சிவப்பு! ஒவ்வொரு செதிலும் ஒரு விளக்கு. அழகம்மை அப்போதே அதற்குப் பேர் வைத்துவிட்டாள் — வானவில். உப்பு வாங்க வந்தவர்கள் உப்பை மறந்துவிட்டு நின்றார்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆண் மீனுக்குத்தான் இந்தப் பகட்டு எல்லாம். பெண் மீன் கொஞ்சம் மங்கல், முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். விடிந்து வெளிச்சம் வந்ததும் ஆண் மீன் துடுப்பையெல்லாம் விரித்துக்கொண்டு பெண் மீனைச் சுற்றிச் சுற்றி வரும். கல்யாண மாப்பிள்ளை கெட்டது! பிறகு இரண்டும் பாசிக்குள் போய் ஒட்டி நின்று ஒரு நடுக்கம் நடுங்கும். ஒரு முட்டை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கோழி மாதிரி ஒரே இடத்தில் குவித்து வைத்து அடைகாப்பது கிடையாது. தினம் இரண்டு, மூன்று என்று பாசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிவிட்டுப் போய்விடும்.

முட்டை கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிசு. கண்ணாடி மணி மாதிரி இருக்கும். மயிரிழை போல ஒரு நூலால் பாசியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாலைந்து நாள் கழித்து உற்றுப் பார்த்தால் உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும். அது என்ன தெரியுமா? கண்! முட்டைக்குள்ளிருந்தே நம்மைப் பார்க்கிறது! அதைக் கண்ட அன்று நான் மூன்று பேருக்குத் துவரம்பருப்புக்குப் பதிலாகக் கடலைப்பருப்புப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் முதல் குஞ்சு வந்தது. அழகம்மை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட உள்ளே ஓடினாள். நாங்கள் திரும்பி வருவதற்குள்... குஞ்சைக் காணோம். ஆண் மீன் ஒன்றும் தெரியாததுபோல ஓரத்தில் நின்றது.

தின்றுவிட்டது.

அன்று அழகம்மை சாப்பிடவில்லை. படுக்கப் போகும்போது கேட்டாள்: "அது தன்னோட பிள்ளைன்னு அதுக்குத் தெரியாதாப்பா?"

நான் எட்டாவது வரைதான் படித்தவன். தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். "எனக்குத் தெரியலைம்மா" என்றுதான் சொன்னேன். வாயருகே எது சின்னதாக அசைந்தாலும் அதற்கு இரைதான் போலிருக்கிறது.

சரி, தாய் தகப்பனிடமிருந்து முட்டையைப் பிரித்துவிடுவோம் என்று முடிவு செய்தோம். முட்டை ஒட்டிய பாசியை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தேன். எதில்? புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று விளக்கிய பித்தளைச் சருவத்தில். கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டி ஊற்றினேன். பிள்ளைகளுக்குச் சுத்தம் வேண்டாமா? குஞ்சுகளும் வந்தன, ஆறேழு. மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. இட்லித் தூளை உதிர்த்துப் போட்டேன், முட்டை மஞ்சளைக் கரைத்துப் போட்டேன். தண்ணீர் நாறியதுதான் மிச்சம். அடுத்த தடவையும் இதே கதை.

எனக்கு அலுத்துவிட்டது. முட்டையெல்லாம் பொரிந்துவிட்டது என்று நினைத்து, பழைய பாசியை வாரி முருங்கை மரத்தடித் தொட்டியில் வீசினேன். மாடு தண்ணீர் குடிப்பதற்கு வைத்திருந்த மண் தொட்டி அது. கல் தொட்டி வாங்கிய பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. மழைத் தண்ணீர் நின்று, இலை விழுந்து, கரும்பச்சையாகக் கிடந்தது.

பத்து நாள் கழித்து அழகம்மை அதில் குனிந்து பார்த்தாள். பச்சைத் தண்ணீரில் கண்கள்! ஜோடி ஜோடியாகக் கண்கள்! கண்ணும் வாலும்தான் குஞ்சு; நடுவில் உடம்பு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. என் பித்தளைச் சருவத்தில் செத்தது, வேண்டாம் என்று எறிந்த இடத்தில் ஜம்மென்று நீந்துகிறது!

ஏன்? நானாக யோசித்துக் கண்டுபிடித்தது இது. அந்தப் பச்சையில்தான் அவற்றின் சாப்பாடு இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி உயிர்கள். நான் இரண்டு தடவை வடிகட்டி எறிந்தேனே... அது குஞ்சுகளின் சோற்றை!

அதற்குப் பிறகு முட்டைப் பாசி எல்லாம் அந்தத் தொட்டிக்கே போனது. இருபத்து மூன்று குஞ்சு என்பது அழகம்மை கணக்கு. எனக்குப் பத்தொன்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. மூத்தது நெல்மணி நீளம். கடைக்குட்டி எறும்பு அளவு. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் எண்ணுவாள். ஒன்று குறைந்தால் அன்று வீட்டில் துக்கம்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் வெல்லத்தை விட்டு ஓடினேன் என்று?

இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. பச்சைத் தண்ணீர் என்றாலே கொசு இருக்கும், கவிழ்க்கத்தான் வேண்டும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். நான் குஞ்சு, முட்டை, பாசி என்று உளறினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சேவகரைப் பார்த்தார். அப்போது அழகம்மை என் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"சார், இதுல ஒரே ஒரு கொசுப்புழு காட்டுங்க. நானே கவுத்துப்புடுறேன்."

அவ்வளவு குட்டிக் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்னுமா? எனக்கே தெரியாதே!

இன்ஸ்பெக்டர் கரண்டியை முக்கினார். பார்த்தார். வெறும் தண்ணீர். இரண்டாம் தடவை வேறு பக்கம் முக்கினார். ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை பாசியோரத்தில் முக்கி எடுத்தார். வெள்ளைக் கரண்டியில் ஒன்று துள்ளித் துள்ளி நெளிந்தது. கொசுப்புழு!

அழகம்மை முகம் வெளுத்துவிட்டது. சொன்ன வார்த்தை இருக்கிறதே... தொட்டி விளிம்பை நோக்கி அவள் கை நகர்ந்தது.

"பொறு பாப்பா" என்றார் இன்ஸ்பெக்டர்.

கரண்டியில் இன்னொன்றும் இருந்தது. நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு, எங்கள் நெல்மணி! அது அசையாமல் நின்றது. புழு நெளிந்தது. குஞ்சு முக்கால் வட்டம் திரும்பியது. நாலு தலை அந்தக் கரண்டிக்கு மேல் குனிந்திருக்கிறது. ஒரு வெட்டு! புழுவின் பாதி குஞ்சின் வாய்க்குள். மீதி வெளியே தொங்கி ஆடுகிறது. இழுக்கிறது... விழுங்குகிறது... இன்னும் கொஞ்சம்... போயே போய்விட்டது!

இன்ஸ்பெக்டர் குழந்தை மாதிரிச் சிரித்தார். குஞ்சைப் பத்திரமாகத் தொட்டியில் விட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சரியாக அந்த நேரத்தில் கொல்லையைச் சோதிக்கப் போயிருந்த சேவகரின் குரல் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து கேட்டது. "ஐயா, இங்கிட்டு வந்து பாருங்க."

குழந்தைகளே, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஜாடியில் இருக்கும் பெரிய மீன்களுக்கு இரை வேண்டும் அல்லவா? அதற்காக, ஒரு மாதமாக வைக்கோல் போருக்குப் பின்னால் ஓர் உடைந்த பானையில் தண்ணீர் ஊற்றி... கொசுப்புழு வளர்த்துக்கொண்டிருந்தேன். நான்தான்! தினம் வடித்து எடுத்துப் போடுவேன். அந்தப் புதன்கிழமைக்கு முந்தின வாரம் சரக்கு எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போய் நாலு நாள் தங்கிவிட்டேன். அந்த நாலு நாளில் புழுக்கள் சும்மா இருக்குமா? இறக்கை முளைத்துப் பறந்துவிட்டன. மிச்சம் பானையில் கொதித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி பானையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு வாரமா கொசு, கொசுன்னு பொலம்புனேனே. நீங்களும் 'ஆமா, ரொம்பத்தான் இருக்கு'ன்னீங்களே?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "எத்தனையோ வருசமா இந்த வேலை பாக்குறேன். கொசுவுக்குத் தீனி போட்டு வளக்குற வீட்டை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

சிரிப்பு போய்விட்டது. ஊருக்கெல்லாம் காய்ச்சல் வர நீங்கள் பொறுப்பு ஏற்பீர்களா என்று கேட்டார். இரண்டையும் கவிழ்த்துவிடு என்று சேவகரிடம் சொன்னார். அவர் மறுபடியும் தொட்டியை நோக்கி நடந்தார்.

நான் பானையைத் தூக்கினேன். வெயில் காயும் தரையில் நானே கொட்டினேன். என் தப்பு அது. அதை இன்னொருவர் கையால் கொட்டக்கூடாது அல்லவா?

அழகம்மை தொட்டி முன்னால் போய் நின்றாள். அழவில்லை.

"பெருசானதும் பத்துக் குஞ்சு தாரேன் சார். நம்ம தெருக் கெணத்துல விடுங்க. அப்பறம் கெணத்துல புழு இருக்காது."

ஒன்று குறைந்தாலே துக்கம் கொண்டாடுபவள். பத்து! இன்ஸ்பெக்டர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பத்து எதுக்கு? ஆறு போதும்" என்றார். சேவகர் விலகிக்கொண்டார்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். மீனுக்குப் புழு வேண்டுமென்றால் வீட்டில் வளர்க்காதீர்கள், ஊரில் இருப்பதைத் தேடி எடுங்கள் என்று. சொன்னது என்னிடம். பிடித்துக்கொண்டது அழகம்மை. அன்று முதல் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையோடு ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நுழைகிறாள். ஆட்டுத் தொட்டி, உடைந்த சட்டி, உரல்குழி, எதையும் விடுவதில்லை. 'சின்ன இன்ஸ்பெக்டர் வர்றா' என்று பெண்கள் அவசர அவசரமாகப் பானைகளைக் கவிழ்த்துவிடுகிறார்கள்.

விளைவு? யுத்தத்தால் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, சீனிக்குத் தட்டுப்பாடு என்று என் கடையில் தினம் ஒரே புலம்பல். இப்போது எங்கள் தெருவில் கொசுப்புழுவுக்கும் தட்டுப்பாடு! ஜாடி மீன்கள் என்னை முறைத்துப் பார்க்கின்றன.

உங்கள் வீட்டில் எங்கேயாவது நாலு புழு இருந்தால் எனக்கு... வேண்டாம், வேண்டாம், கவிழ்த்துவிடுங்கள்!