கானா மலைச் சந்தையில் என் மகள்

கானாவின் மலைப்பக்கத்தில் ஒரு சின்னச் சந்தையூரைப் பார்க்கப் போன மகளின் போன் இரண்டு நாளாக ஓஃப்.

இங்கே ட்ருகனினாவில் நான் வேலை செய்யும் வேர்ஹவுஸில் இன்று எனக்குக் கை ஓடவில்லை. கூட வேலை செய்யும் கோஃபிக்கு அதுதான் சொந்த ஊர். பிரேக்கில், அந்தச் சந்தையில் கடை வைத்திருக்கும் தன் அக்காவுக்கு அழைத்தான். நீளமாகப் பேசினான். சிரிக்கவேயில்லை.

"அக்கா வீட்டில ஒரு வெளிநாட்டுப் பெட்டை நிக்குதாம். வெள்ளிக்கிழமை எண்டு நேற்று இறைச்சி தொடேல்லையாம். உன்ர மகளோ?"



"இல்லை. அவள் வெள்ளிக்கிழமையிலயும் சிக்கன் பர்கர் வேணுமெண்டு தாயோட சண்டை பிடிக்கிறவள்."

அவன் அக்காவிடம் ஏதோ சொல்லிவிட்டு, போனை என் காதில் வைத்தான்.

"அப்பா! போன் சார்ஜ் பண்ண இங்க கரண்ட் இல்லை, அவ்வளவுதான். ரிலாக்ஸ்!"

மகள் சுகம் என்று மட்டும் மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். இறைச்சிக் கதையையும் சொல்லவா? சொன்னால் நம்புவாளா?