செய்தி நேரத்துத் தண்ணீர்

இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு டிவி இருக்கிறது. கதவு அகலம் இருக்கும். பகல் முழுக்க ஓடுகிறது, யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. வோல்டேஜ் குறைந்தாலும் அதில் படம் சுருங்காது. முன்பெல்லாம் சுருங்கும் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சுருங்கும். நானே சுருக்கியிருக்கிறேன்.

எளாவூருக்கு மேற்கே எங்கள் ஊர். ஊருக்கு முதல் டிவியைக் கொண்டுவந்தவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு பேக்டரியில் வேலை பார்த்தவர். எனக்கு மச்சான் முறை. டிவியைப் பழைய மெத்தையில் சுற்றி, வாடகை வேனில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். மரப்பெட்டி, அதற்கு இரண்டு பக்கமும் தள்ளுகிற கதவு, கதவுக்குப் பூட்டு. கூரைமேல் ஆன்டெனாவை மெட்ராஸ் பக்கம் திருப்பி வைத்தார். அதில் காக்கா உட்கார்ந்தால் படம் ஆடும். காக்காய் ஓட்டுவதற்கென்றே ஒரு கிழவர் வாசலில் குச்சியோடு இருப்பார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, படம் பார்க்க வரவும் மாட்டார். உள்ளே சத்தம் போட்டால் குச்சியை ஆட்டுவார், அவ்வளவுதான். அவர் கதை வேறு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா போடுவார்கள். ஊரே மச்சான் வீட்டில் இருக்கும். எனக்கு அதுதான் பேஜாராகிப் போனது.

காரணம் இதுதான். வாரத்தில் ஆறு நாள் பேக்டரிகள் கரண்டை இழுத்துவிடும். எங்கள் கிணற்று மோட்டார் முனகும், சுற்றாது. ஞாயிற்றுக்கிழமை பேக்டரி லீவு. அன்றைக்குத்தான் தண்ணீர் ஒழுங்காக ஏறும். அதிலும் மோட்டாருக்கு வேண்டிய மூன்று பேஸ் கரண்டு அப்போது சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரைதான். ஊருக்கும் கிணற்றுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். நான் மோட்டாரின் பச்சைப் பொத்தானை அழுத்தினால் மச்சான் வீட்டில் படம் நாலு பக்கமும் சுருங்கி, கதாநாயகன் குள்ளனாகிவிடுவான்.

முதல் வாரம் மச்சானே வரப்பில் ஓடி வந்தார்.

"மாமா, நிறுத்து மாமா! டிவில ஆளுங்கோ அல்லாம் சுண்டக்கா மாதிரி கீறாங்கோ!"

"நெல்லு பால் புடிக்கிற நேரம் மச்சான். இப்போ தண்ணி இல்லன்னா மொத்தமும் பதர்தான்."

"ரெண்டு மணி நேரம் பொறுக்காதா உன் நெல்லு?"

"நீ நெல்லாண்ட போய்க் கேளு."

அவர் நெல்லிடம் கேட்கவில்லை, ஊரிடம் கேட்டார். மறுநாள் காலையில் பிள்ளையார் கோயிலாண்ட பேசி முடித்தார்கள். செய்தி வரும்போது, விளம்பரம் வரும்போது, சண்டை வரும்போது மோட்டார் ஓடலாம். பாட்டுக்கும் அழுகைக்கும் நிறுத்த வேண்டும். சண்டையை விட்டுக்கொடுத்தது பொம்பளைகள். ஆம்பளைகளுக்கு அதில் வருத்தம்தான். செய்தியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிணறு நாலு கழனி தள்ளி. எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு என் வீட்டுக்காரியை வைத்தார்கள். அவள் மச்சான் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டு, சண்டை வந்தால் எழுந்துபோய் டார்ச் லைட்டைக் கிணற்றுப் பக்கம் காட்டுவாள். வெளிச்சம் தெரிகிற வரை மோட்டார் ஓடும், அணைந்தால் நிறுத்துவேன். கிணற்றுக் குழாய் அடியில் இருக்கிற என் புட்வால்வு ஒழுகல் கேஸ், குழாயில் தண்ணீர் நிற்காது. ஒவ்வொரு தடவையும் குடத்தால் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டாரைப் போட வேண்டும். தோள் விட்டுப்போகும்.

இரண்டு வாரம் நல்ல சண்டைப் படமாக வந்தது. கழனி நனைந்தது. மூன்றாவது வாரம் வெயில் ஏறிவிட்டது. நெல்லுக்கு அதுதான் கடைசித் தண்ணீர். கழனியில் கடைசி மடியில், அதாவது கடைசிப் பாத்தியில், அதற்குள் வெடிப்பு விட்டிருந்தது. அது என் வீட்டுக்காரி நட்ட மடி. அந்த வருஷம் ஆள் கிடைக்காமல் ஒண்டியாக நட்டாள்.

அன்றைக்குப் போட்டது அழுகைப் படம்.

நான் கிணற்று மேட்டில் குந்தியிருக்கிறேன். விளம்பரத்துக்கு ஒரு தடவை வெளிச்சம், செய்திக்கு ஒரு தடவை. தண்ணீர் மூன்றாவது மடியைத் தாண்டவில்லை. பிறகு வெளிச்சமே இல்லை. ஊர்ப் பக்கமிருந்து மூக்கு சிந்துகிற சத்தம் காற்றில் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வந்தது. பச்சைப் பொத்தான்மேல் நாலு தடவை கை வைத்து எடுத்தேன். ஊர்ப் பேச்சு ஒன்று இருக்கிறதே.

எட்டு மணிக்கு முக்கால் மணி நேரம் இருக்கையில் வெளிச்சம் தெரிந்தது. அணையவில்லை. பரவாயில்லை, கடைசியில் பெரிய சண்டையாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். ஊருக்குள் கத்தல் கேட்டது. சண்டையைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று இருந்துவிட்டேன். தண்ணீர் கடைசி மடிக்குள் இறங்கி, வெடிப்பெல்லாம் குடித்து முடித்த நேரம் கரண்டு போனது.

டார்ச்சோடு அவளே வரப்பில் வந்தாள்.

"இன்னாமே, அவ்ளோ பெரிய சண்டையா?"

"சண்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. படத்துல ஆஸ்பத்திரி சீனு."

"அப்புறம் ஏம்மே லைட்டு காட்ன?"

"அவ கட்டில்ல படுத்துகினு அரை மணியா சாவறாய்யா. நம்ம நெல்லு அவ்ளோ நேரம் தாங்குமா?"

மடியைச் சுற்றி வந்து, காலை உள்ளே விட்டுப் பார்த்தாள். சேறு கணுக்கால் வரை போனது.

மறுநாள் ஊரில் வாங்கிக் கட்டிக்கொண்டோம். மச்சான் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "உன் நெல்லு பொழச்சிக்கும் மாமா. அந்தப் பொண்ணு பொழச்சாளா இல்லியான்னே தெர்லியே. படம் சுருங்கிச் சுருங்கி நின்னே பூட்ச்சி!" டார்ச்சை அவளிடமிருந்து பிடுங்கி, சண்டை மட்டும் பார்க்கிற ஒரு ஆளிடம் கொடுத்தார்கள். அவன் சண்டையைப் பார்த்துக்கொண்டு டார்ச்சை மறந்துவிடுவான். எனக்கு அதற்குமேல் தண்ணீர் தேவைப்படவில்லை.

ஊர் அதோடு விடவில்லை. செத்துவிட்டாள் என்று ஒரு கட்சி, பொழைத்துக்கொண்டாள் என்று ஒரு கட்சி. குழாயடியில் இரண்டு பொம்பளைகள் அதற்காகப் பேச்சு வார்த்தையை நிறுத்தினார்கள். அறுப்பு வரைக்கும் இது ஓடியது.

கடைசி மடியில் பதர் கம்மி. அந்த நெல்லைக் குத்தி அரிசியாக்கி, ஒரு முறம் மச்சான் வீட்டுக்கு என் வீட்டுக்காரியே கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். மச்சான் பொண்டாட்டி முறத்தை வாங்கவில்லை.

"நீ தான வாசப்படில இருந்த. மொதல்ல சொல்லு. அவ பொழச்சாளா, செத்தாளா?"

என் வீட்டுக்காரி அந்த நேரம் வெளியே நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவள். திரை பக்கம் முதுகு. எனக்குத் தெரியும்.

"பொழச்சாக்கா," என்றாள். "எழுந்து குந்திகினு கஞ்சி குட்ச்சா."

மச்சான் பொண்டாட்டி முறத்தை வாங்கிக்கொண்டாள்.