ஆயுசு கேட்டு டிஸ்க் கொடுத்தவள்

வித்துரா மலைக்குப் போகிற வழியில் கார்மீது மரம் விழுந்து கோமதி போய்விட்டாள் என்று வலியசாலை வீட்டிலிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டுச் சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. முதலில் பயம்தான் வந்தது. அவளோடு வேலை பார்த்த உங்களில் சிலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கேட்டு வருகிற நிறுவனங்களுக்குக் கிளவுடில் புது மெஷின், அதாவது இணையம் வழியே பயன்படுத்தும் வாடகைக் கணினி, தொடங்கித் தருவது அவள் வேலை. தொடங்கும்போதே தகவல் சேமிக்கும் டிஸ்க் எத்தனை ஜிபி என்று சொல்லியாக வேண்டும். பின்னால் கூட்டலாம், குறைக்க முடியாது. மற்றவர்கள் திரையில் தானாக வந்து நிற்கும் அளவையே விட்டுவிடுவார்கள். கோமதி மட்டும் கேட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்து, "இதுக்கு ஆயுசு எவ்வளவு?" என்பாள். ஜாதகம் பார்க்கிறாள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு சுற்றுலா நிறுவனம் ஐந்து வருடத் திட்டத்தோடு வந்தது. இருப்பதிலேயே சிறிய டிஸ்க்கைக் கொடுத்தாள். "இது போறும். ஓணம் தாண்டாது." ஓணத்துக்கு முன்பே நிறுவனத்தை மூடிவிட்டார்கள். ஒரு மருத்துவமனையின் ஒரு வாரச் சோதனைக்கு ஆயிரம் ஜிபி கொடுத்து மேலாளரிடம் திட்டு வாங்கினாள். அவர்களுடைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் இன்றைக்கும் அந்த மெஷினில்தான் சேர்கின்றன. தற்செயல் என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் எங்களுக்கும் ஆளுக்கொரு மெஷின் தொடங்கினாள். எனக்குப் பெரிது. தனக்கும் பக்கத்து இருக்கை ஷீபாவுக்கும் இருப்பதிலேயே சிறியது.

"உனக்கு நீயே கஞ்சத்தனமா?" என்றேன்.

"எனக்கு இது போறும்டா."

"ஷீபாவுக்கு?"

"கை அப்படித்தான் போச்சு. நீ பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவள் மெஷினை மூடப்போனேன். டிஸ்க் நிறைந்திருந்தது. ஓர் எழுத்துகூடச் சேமிக்க இடமில்லை. கடைசியாகப் பதிவான நேரம், மரம் விழுந்த அதே காலைப்பொழுது. டிஸ்க்கை நிறைத்தவை மெஷின் தானாக எழுதிக்கொள்ளும் பதிவுகள்தான், விளக்கம் எனக்குத் தெரியும்.

தெரிந்தும் உடனே ஷீபாவுடையதைத் திறந்தேன். முக்கால்வாசிக்குமேல் நிறைந்திருந்தது. பக்கத்தில் அவள் பிரசவ விடுப்பை எப்போது தொடங்குவது என்று நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். யாரையும் கேட்காமல் டிஸ்க்கை இரண்டு மடங்காக்கினேன்.

அதிலிருந்து ஒவ்வொரு திங்கள்கிழமையும் எனக்கு முதல் வேலை அந்த டிஸ்க்கைக் கொஞ்சம் கூட்டுவதுதான். "சேட்டா, என்ட மெஷின்ல மட்டும் இடம் தீரவே மாட்டேங்குது, அல்லே?" என்று நேற்று ஷீபா தன் மலையாளத் தமிழில் கேட்டுச் சிரித்தாள்.

"கோமதி அப்படிக் கொடுத்திருக்கா," என்றேன்.

கோமதியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலை. இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஷீபாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் இங்கே, நம் அலுவலகத் தமிழ்க் குழுவில், எழுதுகிறேன். ஏதாவது ஒரு திங்கள்கிழமை நான் வராமற்போனால், உங்களில் யாராவது அவள் டிஸ்க்கைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்.