சாட்சி இல்லாத வீச்சு

ஜம்புலிங்கம் பகடை வீசினால் பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். பார்த்தவர் கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். அப்படித்தான் ஒப்பந்தம். மதராஸில் உட்கார்ந்து பகடை வீசும் பக்தவத்சலத்துக்கு மட்டும் சாட்சி, கையெழுத்து எதுவும் கிடையாது.

இந்த ஓரவஞ்சனை ஜம்புலிங்கத்துக்கு உறைக்கவே மூன்று வருஷம் ஆயிற்று. அவருக்குக் கோபம் வந்ததே முதலில் தன் மேல்தான்.

பக்தவத்சலம் போர்ட் பிளேரில் ஒரு சர்க்கார் இலாகாவில் அதிகாரியாக இருந்தவர். சாயங்காலங்களில் அந்த ஊர் டாலிகஞ்ச் பகுதிப் படிப்பகத்துக்கு வருவார். பட்டணங்களை விலைக்கு வாங்கி, அங்கே வந்து நிற்பவனிடம் வாடகை கறக்கும் வியாபார ஆட்டத்தை அங்கே பழக்கிவிட்டவர் அவர்தான். அவருக்கு ஈடுகொடுத்து ஆடியவர் ஒரே ஆள், பவர் ஹவுஸில் சுவிட்ச்போர்டு பார்க்கும் ஜம்புலிங்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் அவருக்கு மதராஸுக்கு மாற்றல் வந்தது. "தபால்லயே ஆடுவோம்" என்றார் பக்தவத்சலம். ஒரே மாதிரி அட்டை இரண்டு, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. மாதத்துக்கு இரண்டு கப்பல் வந்தால் அதிர்ஷ்டம் என்பதால், ஒரு கடிதத்துக்கு ஐந்து வீச்சு. விதிகளை அவரே எழுதிக் கொடுத்தார். நாலாவது விதிதான் சாட்சி. "படிப்பகத்தில் நாலு பேர் இருக்கிறார்கள், உனக்கு அதில் கஷ்டமில்லை" என்று ஒரு சமாதானமும் சொன்னார். ஜம்புலிங்கம் தலையாட்டினார். ஆபீசர் சொன்னால் தலையாட்டும் பழக்கம் அந்த ஊருக்கே உண்டு.

அன்றிலிருந்து கப்பல் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் படிப்பகத்தில் கூட்டம் கூடும். அவர் வீசுவார். லாரி டிரைவர் சண்முகம் குனிந்து பார்த்து, "பாஞ்ச் அவுர் தோ, ஏழு! சரியா இருக்கு பாய்" என்று தீவுப் பழக்கப்படி இந்தி கலந்து சொல்லிக் கையெழுத்துப் போடுவார்.

மீட்டர் அளவுகளை மணிக்கொரு தரம் குறித்துக் குறித்துப் பழகிய கை ஜம்புலிங்கத்தினுடையது. இரண்டு பக்க வீச்சுகளையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அறுபத்தாறு மழைக்காலத்தில் ஒரு நாள் அதைப் புரட்டியவர் அப்படியே நிறுத்தினார். அட்டையின் ஒரு ஓரத்தில் நான்கு பட்டணங்கள் வரிசையாக ஜம்புலிங்கத்துடையவை. எதில் நின்றாலும் பக்தவத்சலத்துக்குப் பெரிய அடி. பக்தவத்சலம் எட்டு முறை அந்த ஓரத்தைக் கடந்திருக்கிறார், எட்டு முறையும் ஒன்றில்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பகடைக்குக் கண் கிடையாது. எங்கே தாண்ட வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

அப்போதும் அவர் மரியாதையாகத்தான் எழுதினார்: 'தாங்களும் அங்கே யாராவது ஒருவரைச் சாட்சி வைத்துக்கொண்டால் ஆட்டம் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி இருக்கும்.'

பதில் இருபது நாள் கழித்து வந்தது. அதைப் படிப்பகத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஜம்புலிங்கம் சத்தமாகப் படித்தார்: 'யாரிடம் சாட்சி கேட்கிறாய்? நாலாவது விதியை நான் ஏன் போட்டேன் என்று உனக்குத் தெரியாதா? உன் தாத்தா எப்படி அந்தத் தீவுக்கு வந்தார் என்று ஊருக்கே தெரியும். ரத்தம் எங்கே போகும்? சாட்சி வைப்பது உன்னைப் போன்றவர்களுக்கு.'

தாத்தா திருநெல்வேலிச் சீமையில் ஒரு ஜமீன் ஆளை அரிவாளால் வெட்டியவர். அதற்காகக் கப்பலேற்றப்பட்டு, இருபது வருஷம் இங்கே காடு வெட்டி, கல் உடைத்து, விடுதலையாகி, இன்னொரு கைதிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே மண்ணானார். தண்டனையை அவர் அனுபவித்து முடித்து எத்தனையோ காலம் ஆகிறது. படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் மட்டும் அதைப் பேரன் தலையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். சாதியை ரத்தத்தில் தேடுகிற அதே மூளைதான் குற்றத்தையும் ரத்தத்தில் தேடுகிறது.

 படிப்பகச் செயலாளர் இராமகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்தார். அவர் சர்க்கார் வேலைகளை எடுத்துச் செய்யும் காண்டிராக்டர்.

"சோடோ ஜம்பு, விட்டுத்தள்ளு. பெரிய மனுஷன், ஏதோ கோபத்துல எழுதிட்டாரு. ஆட்டம்தானே?"

"ஆட்டம்தானேன்னா எனக்கு மட்டும் எதுக்குச் சாட்சி?"

"அது விதி."

ஜம்புலிங்கம் திரும்பினார். "சண்முகம், மூணு வருஷமா கையெழுத்துப் போட்டியே. எதுக்குப் போட்டே?"

"நீ போடச் சொன்னே பாய்."

"எதுக்குன்னு யோசிச்சியா?"

சண்முகம் தலையைச் சொறிந்தார். "நீ ஏமாத்த மாட்டேன்னு எனக்குத் தெரியும். கேட்டே, போட்டேன்."

"தெரிஞ்சா எதுக்குய்யா கையெழுத்து?"

"அரே, என்கிட்ட ஏன் கத்துறே? மதராஸுக்குக் கேக்கிற மாதிரி கத்து!"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜம்புலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்கே எடுத்துட்டுப் போறே? படிப்பகத்துச் சொத்து அது" என்றார் இராமகிருஷ்ணன்.

"திருப்பித் தரேன். உங்க சாட்சிதான் இனிமே வேண்டாம்."

மறுநாள் காலை ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்ட கையோடு அட்டையை விரித்தார். கப்பல் மூன்று மணிக்கு. மனைவி பொன்னம்மா மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"நான் வேணா பாக்கட்டுமா?"

"வேண்டாம். நீ பாத்தா நீயும் சாட்சிதான். அடுப்படிக்குப் போ."

"ரொம்பத்தான் முறுக்கிக்கிறீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

வீசினார். ஒன்றும் இரண்டும். மூன்று.

அவர் காய் நின்ற இடத்திலிருந்து மூன்றாவது கட்டம் பக்தவத்சலத்தின் துறைமுகம். அட்டையிலேயே மிகப் பெரிய வாடகை. கையிருப்பு முழுவதும் போய், நான்கு பட்டணங்களும் போகும். மூன்று வருஷ ஆட்டம் அங்கேயே முடிந்தது. மிச்சம் நாலு வீச்சு வீசவே தேவையில்லை.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பொன்னம்மா திரும்பி வந்தாள். அவளுக்கும் ஆட்டம் அத்துப்படி.

"அடப்பாவமே. நாலுன்னு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"யாருக்கும் தெரியாது."

"அந்த மனுஷன் மட்டும் யோக்கியமாவா ஆடினான்?"

"இல்ல."

'முதல் வீச்சு: மூன்று. தங்கள் துறைமுகத்தில் நிற்கிறேன். இந்த வீச்சுக்குச் சாட்சி கிடையாது, இனிமேலும் இருக்காது. நம்பினால் ஆடுங்கள்' என்று எழுதினார்.   கையெழுத்துப் போட்டு, சைக்கிளை மிதித்துப் போய், தபால் பை கட்டுவதற்குள் சேர்த்துவிட்டார்.

இரண்டு கப்பல் வந்து போயின. மூன்றாவதில் ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. நிதானமான, அழகான கையெழுத்து.

'சாட்சி இல்லாததால் உன் வீச்சு செல்லாது. விதிப்படி மறுபடி வீசி அனுப்பவும்.'

ஜம்புலிங்கம் இரண்டு முறை படித்தார். அந்த மூன்றை ஒப்புக்கொண்டிருந்தால் பக்தவத்சலம் ஜெயித்திருப்பார். அட்டையைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கடிதத்தின் அடியில் சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா என்பதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. கைதியின் பேரன் தனக்கு எதிராகவே உண்மை சொன்னாலும் அது அந்த மனிதருக்குப் பொய்தான்.

செய்தி கேட்டு இராமகிருஷ்ணன் வீட்டுக்கே ஓடி வந்தார். "கிஸ்மத்தைப் பாரு ஜம்பு, என்ன அதிர்ஷ்டம் உனக்கு! அவரே சொல்லிட்டாரு. வா, படிப்பகத்துல வீசு, நானே கையெழுத்துப் போடறேன். இன்னும் நீ ஜெயிக்கலாம்!"

 ஜம்புலிங்கம் ஒரு கார்டை எடுத்து, மதராஸ் விலாசம் எழுதினார். பின்பக்கம் நட்ட நடுவில் பெரிய எழுத்தில் எழுதினார்:

'வீசியாகிவிட்டது. மூன்றுதான்.'