தலை மட்டும் அவருடையது

எனக்கு இரண்டு தொழில். இரண்டுமே கேமராதான், ஆனால் ஒன்றில் செய்வதை இன்னொன்றில் செய்தால் செருப்படி விழும். வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று ஜனங்கள் வீடிழந்து நிற்கும் இடங்களுக்கு நிவாரணக்காரர்களோடு போய்ப் படம் எடுப்பேன். அந்தப் படங்களில் ஒரு கரண்டுக் கம்பியைக்கூட அழிக்கக் கூடாது. காணாமல் போனவர்களின் படங்களைப் பலகையில் ஒட்டும் வேலையையும் பார்த்திருக்கிறேன். படம் பொய் சொன்னால் ஒரு குடும்பம் யாருடைய பிணத்துக்கோ அழும் என்று புதிதாக வருகிறவர்களிடம் கத்தித் தீர்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

செஞ்சிக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கினால் நான் வேறு ஆள். இங்கே குடும்பப் படம் என்றால் ஊரில் இல்லாதவரும் அதில் நிற்க வேண்டும். வளைகுடாவில் இருக்கும் புருஷன், பட்டாளத்தில் இருக்கும் மகன், போன வருஷம் செத்துப்போன மாமனார் என்று எல்லாரையும் கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுப்பேன். அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை. நானும் நினைத்ததில்லை.

மூன்று வருஷம் முன்பு அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் இரண்டு மகள்களோடு வந்தார். சின்னவளுக்கு அன்று மாதா கோயிலில் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுனும் தலையில் பூ வளையமுமாக வந்திருந்தாள். வீட்டுக்காரர் வளைகுடாவில் கட்டட வேலை செய்கிறார், அவரையும் படத்தில் சேர்க்க வேண்டும் என்றார்.

"அவுரு நம்பர் தரேன்ணா. நல்ல போட்டோவா கேட்டு வாங்கிக்கோங்க."

கேட்டேன். வந்தது பாஸ்போர்ட் சைஸ் படம், கழுத்து வரைக்கும். "இதான் இருக்குது சார், மீதிய நீங்களே பாத்துப் போடுங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், கூடவே சிரிப்பு. அவசரத்துக்கு உடம்புக்கு எங்கே போவது? அவர்கள் கிளம்பிய பிறகு, படமெடுக்க வருகிறவர்களுக்காகக் கடையில் வைத்திருக்கும் கோட்டு ஒன்றை நானே மாட்டிக்கொண்டு, அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். இடது கையை நாற்காலியின் மேல் வைத்து டைமரைப் போட்டேன். என் உடம்பில் அவர் தலையை வைத்தேன். வெளிச்சமும் நிறமும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தின. ரெண்டு நாள் அதையே பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன், மடையன்.

இந்த வருஷம் நான் ஒரு வெள்ள முகாமிலிருந்து திரும்பிய மறுநாள் மத்தியானம் அதே பெண் கடைக்குள் வந்தார். கூட மூத்த மகள். இருவருக்கும் அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் அதே படம், ஃபிரேமோடு.

"அவுரு பூட்டாருண்ணா," என்றார். "இத பெருசா போட்டுத் தரணும். அவுரு மட்டும் இருக்கிற மாதிரி. நாளைக்கு பாடி வருது."

தங்கியிருந்த கட்டடம் இடிந்து விழுந்திருந்தது. அவர் அறையில் நாலு பேர். இரண்டு பேர் அப்போது வேலையில் இருந்ததால் தப்பித்தார்கள். ஒருவர் செத்துவிட்டார். இன்னொருவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில். இரண்டு முகமும் அடையாளம் தெரியவில்லை. கைரேகை பார்க்கும் ஆபீஸ் லீவு. உதவிக்கு ஓடிய தமிழர் ஒருவர், கைகால் தெரிகிற படம் இருந்தால் அனுப்பச் சொல்லி இரண்டு வீட்டுக்கும் கேட்டிருக்கிறார். இந்தப் பெண் இந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்.

"அந்த வெரல வச்சுத்தாண்ணா கண்டுபுடிச்சாங்க."

"எந்த விரல்?"

"இதோ, இந்தச் சுண்டு வெரலு. கோணலா இருக்குது பாருங்க. செத்தவருக்கும் அப்டியே கோணிக்கினு இருந்துச்சாம்."

பல வருஷம் முன்பு நிவாரண லாரியின் கதவில் நசுங்கிக் கோணிப்போன என் இடது சுண்டுவிரல், அந்த நிமிஷம் கவுண்டர் மேல்தான் கிடந்தது. இடிபாட்டில் நசுங்கிய பிணத்தில் விரல் கோணாமல் என்ன செய்யும்?

சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்த நினைப்பு வந்தது, மறைக்க மாட்டேன். சொன்னால் நம்பிக்கை வரும். செத்தவர் அவரேதான் என்று ஆகிவிட்டால் அந்தப் பெண் இரண்டாம் தடவை விழ வேண்டும். அதைவிட எனக்குப் பயம்தான் பெரிது. ஆனால் விரல் கவுண்டர் மேல் கிடக்கிறதே.

"அம்மா, அது உங்க வீட்டுக்காரர் விரல் இல்லம்மா," என்று கையை நீட்டினேன். "இது என்னுது. தலை மட்டும்தான் அவருது."

அவர் என் விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நீ நின்னியா? எம் பக்கத்துல நீ நின்னியா?" என்று கத்தினார். அண்ணா போய் நீ வந்துவிட்டது. ஃபிரேமைத் தூக்கி என் மேல் அடித்தார். நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. நான் நகரவில்லை.

"இந்தப் படத்தப் பாத்துட்டு, வெரலு இன்னா ஆச்சுன்னு போன்ல எத்தினி வாட்டி கேட்டேன். சிரிச்சிக்கினே மழுப்பிட்டாரே, பாவி மனுசன்!"

மகள்தான் முதலில் புரிந்துகொண்டாள். "எம்மா, அப்ப நைனா உயிரோட இருக்கலாம்மா."

நான் போனை எடுத்தேன்.

"அவர் உடம்புல மாறாத அடையாளம் ஏதாச்சும் சொல்லும்மா," என்றேன்.

ஐந்து வருஷமாகப் பார்க்காத உடம்பு. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டார். "வலது கால்ல, முட்டிக்குக் கீழ மம்பட்டி வெட்டு. கடலைக் கொல்லையில வெட்டிக்கினாரு. ஆறு தையலு."

அந்தத் தமிழருக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர், "ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன், உள்ள போய் அவர் காலைப் படம் எடுத்து அனுப்பறேன்," என்று வைத்துவிட்டார். காத்திருந்தோம். வெளியே திருவண்ணாமலை பஸ்ஸுக்குக் கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஜெபமாலையை உருட்டாமல் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன், வேறென்ன செய்ய?

செல்போனில் படம் வந்தது. வீங்கிய ஒரு வலது கால். முட்டிக்குக் கீழே பழைய தழும்பு, குறுக்கே ஆறு தையல் தடம். நான் பெரிதாக்கிக் காட்டும் முன்பே அந்தப் பெண், "யேசப்பா!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப, செத்தவரு யாருண்ணா?"

மறுபடி போன் போட்டேன். அந்தத் தமிழர் சொன்னார்: "தெக்கத்திக்காரர் சார். ஆஸ்பத்திரியில இருக்கிறவர்தான் உங்க வீட்டுக்காரர்னு அவர் சம்சாரத்துகிட்ட முந்தாநாளே சொல்லிட்டேன். என்னால திரும்பப் பேச முடியாது சார்."

"நம்பரை அனுப்புங்க," என்றேன். "என் விரலால வந்தது. நான் பேசறேன்."

அம்மாவும் மகளும் எழுந்திருக்கவில்லை. முகாம்களில் நான் எத்தனையோ வீடுகளுக்குக் கெட்ட சேதி சொல்லியிருக்கிறேன். ஆனால் நானே உண்டாக்கிய சேதியை எவரிடமும் சொன்னதில்லை. ஒரு ரிங் முழுதாகப் போகவில்லை, எடுத்துவிட்டார்கள். யார், எவர் என்றுகூடக் கேட்கவில்லை.

"சொல்லுங்கண்ணே," என்றது ஒரு பெண் குரல், மூச்சிரைக்க. "கண்ணு முழிச்சிட்டாகளா?"